காலிக் கட்டத்தையே பாக்குற கண்ணு

போன மாசம் ஆபீஸ்ல ஒரு மீட்டிங். புதுசா செஞ்ச ஒரு ஃபார்ம ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுறாங்க, எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு தலையாட்டிக்கிட்டு இருக்காங்க, நான் மட்டும் "பொறந்த தேதி தெரியாதவங்க இதுல என்னங்க போடுவாங்க?"ன்னு கேட்டுட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் அத செஞ்ச பையன் பாதி சிரிப்பும் பாதி கடுப்புமா, "மேடம், உங்க கண்ணுக்கு இருக்கறது தெரியவே தெரியாதா, இல்லாதது மட்டும்தான் தெரியுமா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன், ஏன்னா அவன் சொன்னது சரிதான், அது எங்கேர்ந்து வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும்.

எட்டு வயசுல கையில கெடைச்ச ஒரு ஸ்டாம்ப் ஆல்பத்துலேர்ந்து.

யாரோ பாதியில விட்ட ஆல்பம் அது. எனக்கு வரும்போதே அட்டை பிஞ்சிருந்துச்சு. ஒவ்வொரு பக்கத்துலயும் மேல நாட்டோட பேரு, கீழ வரிசையா கட்டம், சில கட்டத்துக்குள்ள அங்க ஒட்ட வேண்டிய ஸ்டாம்போட படம் சாம்பல் கலர்ல மங்கலா அச்சாகியிருக்கும். வெறும் நோட்டுல ஸ்டாம்ப் ஒட்டினவங்களுக்கும் இந்த மாதிரி கட்டம் போட்ட ஆல்பத்துல ஒட்டினவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்குன்னு நான் நம்புறேன். வெறும் நோட்டுல நம்மகிட்ட இருக்கறது மட்டும்தான் தெரியும், நூறு இருந்தா நூறு, பெருமையா இருக்கும். கட்டம் போட்ட ஆல்பம் அப்படி விடாது. அஞ்சு ஸ்டாம்ப் செட்ல நாலு ஒட்டியிருப்போம், கண்ணு நேரா அந்த அஞ்சாவது காலிக் கட்டத்துக்குத்தான் போகும். அத ஒரு நாளைக்கு பத்து தடவ பாத்தா, பத்து வருஷம் பாத்தா, என்ன ஆகும்? நான் ஆன மாதிரி ஆகும்.

இதுல நான் ஒண்ணும் விசேஷமான குழந்தை இல்ல, அதையும் சொல்லிடுறேன். 1900-லயே கரோலைன் பர்க்னு ஒரு ஆய்வாளர் அமெரிக்காவுல ஆயிரத்துக்கு மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட நீங்க என்னென்ன சேக்குறீங்கன்னு கேட்டுப் பாத்திருக்காங்க. கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையும் எதையாவது சேத்துக்கிட்டுதான் இருந்திருக்கு, அதுவும் ஒண்ணு இல்ல, மூணு நாலு ஒரே சமயத்துல. எட்டுலேர்ந்து பதினொரு வயசுலதான் அது உச்சம். அதுக்கப்புறம் பெரும்பாலானவங்க விட்டுடுறாங்க. அந்தப் பழக்கம் மட்டும் வேற எங்கயோ போய் ஒளிஞ்சுக்குதுன்னு நெனைக்கிறேன்.

சரி, ஸ்டாம்ப் எப்படி எடுப்போம்னு தெரியாதவங்களுக்கு. கவர்லேர்ந்து பிச்சு எடுக்கக் கூடாது, கிழிஞ்சிரும், பின்னாடி மெலிஞ்சு போயிரும். ஸ்டாம்ப சுத்தி ஒரு விரல் அகலம் பேப்பர் விட்டு கத்திரிக்கோலால வெட்டி எடுத்து, ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி அதுல மெதக்க விடணும். சுடுதண்ணி கூடாது. கலர் கவரா இருந்தா தனிக் கிண்ணம், இல்லன்னா சாயம் எல்லாத்துலயும் ஏறிரும். கால் மணி நேரத்துல பசை எளகி ஸ்டாம்ப் தானா நழுவி வரும், அந்த நொடி ஒரு சந்தோஷம் பாருங்க, அத சொல்லிப் புரிய வெக்க முடியாது. அப்புறம் படம் கீழ இருக்க மாதிரி பேப்பர் மேல காய வெச்சு, கனமான புஸ்தகத்துக்கு அடியில ஒரு ராத்திரி. மிச்ச பேப்பர் துண்டெல்லாம் கிண்ணத்துல ஊறிக்கிட்டு கெடக்கும், பேனா மை கரைஞ்சு தண்ணி லேசா நீலமாகும். அத ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாப்பேன், அவ்ளோ அழகா இருக்கும். பாத்துட்டு கொட்டிடுவேன்.

எனக்கு ஸ்டாம்ப் வந்ததெல்லாம் பெரும்பாலும் பெரியப்பாவாலதான். அவர் சரக்குக் கப்பல்ல வேலை பாத்தாரு. கப்பல் எந்தத் துறைமுகத்துல நின்னாலும் அங்கேர்ந்து ஒரு லெட்டர் போடுவாரு. வீட்டுல மத்தவங்க அவர் என்ன எழுதியிருக்காருன்னு படிக்கக் காத்திருப்பாங்க, நான் அவங்க எப்ப படிச்சு முடிப்பாங்கன்னு கத்திரிக்கோலோட காத்திருப்பேன்.

அந்த ஸ்டாம்ப்ல இருந்த பேரெல்லாம் ஒரு தனிப் பாடம். 'மாக்யார் போஸ்ட்டா'ன்னு ஒரு நாடு இருக்குன்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன், ஹங்கேரிப் பக்கம் காலியாவே கெடக்குதேன்னு வேற கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன், ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்ச அன்னிக்கு ஒரே நாள்ல பன்னெண்டு ஸ்டாம்ப் குடிமாறுச்சு. சுவிட்சர்லாந்து தன்னோட ஸ்டாம்ப்ல 'ஹெல்வெட்டியா'ன்னு லத்தீன் பேர போட்டுக்கும், அங்க நாலு தேசிய மொழி, ஒரு மொழியில போட்டா மத்த மூணும் கோவிச்சுக்கும்ங்கற மாதிரி ஒரு ஏற்பாடு. பின்லாந்து 'சுவோமி'. இதெல்லாம் கூட பரவால்ல, ஒரு நாட்டு ஸ்டாம்ப்ல பேரே இருக்காது, ராணி தலை மட்டும் இருக்கும். அதுக்குன்னு 'பேர் தெரியாத நாடு'ன்னு கடைசிப் பக்கத்துல தனியா ஒட்டி வெச்சிருந்தேன். 1840-ல உலகத்துலயே முதல் தபால்தலைய போட்ட நாடு பிரிட்டன், அப்ப வேற யாரும் இல்லாததால பேர் போட வேண்டிய அவசியமே வரல, அதையே இன்னிக்கு வரைக்கும் புடிச்சுக்கிட்டு இருக்காங்க. பேர் இல்லாம இருக்கறதும் ஒரு தகவல்தான்னு எனக்கு முதல்ல புரிஞ்சது அங்கதான்.

1923 ஜெர்மனி ஸ்டாம்ப் ஒண்ணு இருந்துச்சு. பழைய விலை மேலயே கறுப்பு மையில '2 மில்லியன்'னு அடிச்சது. அச்சுப் பிழைன்னு நெனச்சேன். பணவீக்கம்னா என்னன்னு எகனாமிக்ஸ் வாத்தியார் பின்னாடி பாடம் நடத்தும்போது, வகுப்புல எனக்கு மட்டும் அது ஏற்கனவே தெரிஞ்ச ஆள் மாதிரி இருந்துச்சு.

ஆனா எனக்கு ரொம்ப முக்கியமானது வேற ஒண்ணு. பெரிய பெரிய ஸ்டாம்ப், பளபளன்னு கலரு, குதிரை, ராக்கெட், ஓவியம். எல்லாத்துலயும் மூலையில ஒரே மாதிரி அழகா கால்வட்டமா முத்திரை. ஒரு நாள் அத தண்ணியில போட்டா வழவழன்னு இருக்கு, திருப்பிப் பாத்தா பின்னாடி பசை அப்படியே இருக்கு! முத்திரை குத்தின ஸ்டாம்ப், ஆனா எந்தக் கவர்லயும் ஒட்டவே இல்ல. அப்ப முத்திரை எங்க குத்தினாங்க? ரெண்டு நாள் மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, லெட்டருக்கே போகாம, நம்ம மாதிரி சேக்குறவங்க தலையில கட்டறதுக்குன்னே அச்சடிச்சு, தாள் தாளா முத்திரையும் அடிச்சு வித்தது அது. அஜ்மான், உம் அல் குவைன் மாதிரி சின்னச் சின்ன அமீரகங்க பேர்ல அறுபது எழுபதுகள்ல குவிஞ்சது நெறைய.

இன்னிக்கு என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங். யாராவது வந்து எல்லா டெஸ்ட்டும் பாஸ்னு பச்சை கலர்ல ரிப்போர்ட் காட்டினா, என் கை முதல்ல செய்யறது அத திருப்பிப் பின்னாடி பசை இருக்கான்னு பாக்கறதுதான். ஓடாமலே பாஸ் ஆன டெஸ்ட் எத்தனையோ புடிச்சிருக்கேன்.

இதுல நான் நல்லவளா மட்டும் இல்லங்கறதையும் சொல்லணும். பசை விஷயம் தெரிஞ்சப்புறம் அந்த பளபள ஸ்டாம்ப் பத்த, என்னவிட ரெண்டு வயசு சின்னப் பொண்ணு ஒருத்திகிட்ட குடுத்து, அவகிட்ட இருந்த ஒரு அழுக்குப் பழுப்பு ஸ்டாம்ப வாங்கிக்கிட்டேன், அது ஒரு செட்டோட கடைசிக் கட்டம். அவளுக்கு ஏக சந்தோஷம், பத்துக்கு ஒண்ணு. எனக்குத் தெரியும் நான் என்ன பண்றேன்னு. செட் முடிஞ்சுது, ஆனா அந்தப் பக்கத்த மட்டும் நான் அதிகமா திறந்து பாத்ததில்ல.

இந்தக் காலிக் கட்டம் விஷயத்துல எனக்குப் புடிச்ச ஆள் மெண்டலீவ். பள்ளிக்கூடத்துல தனிம அட்டவணை வந்தப்ப எல்லாரும் மனப்பாடம் பண்ணாங்க, எனக்கு அது பழகின ஆல்பம் மாதிரி இருந்துச்சு. 1869-ல அவர் அந்த அட்டவணைய போட்டப்ப இருந்த தனிமங்கள நெருக்கி அடுக்கியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் என்னடான்னா நடுவுல எடம் விட்டாரு, இங்க ஒண்ணு வரணும், இன்னும் யாரும் கண்டுபுடிக்கலன்னு. வராத தனிமத்துக்குப் பேரும் வெச்சாரு, ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான். நம்ம 'ஏக'தான், சமஸ்கிருத ஒண்ணு. அது எடை இவ்ளோ இருக்கும், இப்படி நடந்துக்கும்னு வேற எழுதினாரு. 1875-ல காலியம், 1879-ல ஸ்காண்டியம், 1886-ல ஜெர்மேனியம்னு ஒண்ணொண்ணா வந்து அந்தந்தக் கட்டத்துல உக்காந்துச்சு. இருந்தத வெச்சு அட்டவணை போட இன்னும் சில பேர் முயற்சி பண்ணியிருந்தாங்க, ஆனா இல்லாததுக்கு இவ்ளோ தைரியமா எடம் ஒதுக்கினதாலதான் அவர் பேரு நின்னுச்சுன்னு எனக்குத் தோணும்.

டார்வினும் சின்ன வயசுல சிப்பி, காசு, கல்லு, முத்திரைன்னு கண்டதையும் சேத்த ஆளுதான். அந்த வெறி ஒருத்தர இயற்கை ஆய்வாளராவும் ஆக்கலாம், கஞ்சனாவும் ஆக்கலாம்னு அவரே பின்னாடி எழுதியிருக்காரு. 1862-ல அவருக்கு மடகாஸ்கர் ஆர்க்கிட் பூ ஒண்ணு வருது, அதோட தேன் குழாய் கிட்டத்தட்ட ஒரு அடி நீளம், தேன் அடியில கெடக்கு. இத உறிஞ்ச அவ்ளோ நீள நாக்கோட ஒரு அந்துப்பூச்சி இருந்தே ஆகணும்னாரு. அந்தப் பூச்சிக்கு 1903-லதான் பேர் வெச்சாங்க, அவர் செத்து 21 வருஷம் கழிச்சு. பூவப் பாத்துட்டு பூச்சியோட கட்டத்த வரைஞ்சு வெச்சுட்டுப் போயிட்டாரு மனுஷன்.

எல்லாக் கட்டமும் நெறையணும்னு இல்ல. ஃபைன்மேன், அதான் அந்த நோபல் வாங்கின பிசிக்ஸ்காரர், சின்னப் பையனா இருக்கும்போது தன்னு துவான்னு ஒரு குட்டி நாட்டோட ஸ்டாம்ப் சேத்திருக்காரு, முக்கோணமும் சாய்சதுரமுமா இருக்கும் அது. 1944-ல அந்த நாட்ட சோவியத் யூனியன் முழுங்கிருச்சு. 1977-ல ஒரு நண்பர்கிட்ட பேச்சுவாக்குல, ஆமா, தன்னு துவா என்னாச்சுன்னு கேட்டு, மேப்ப எடுத்துப் பாத்து, தலைநகரம் கிசில், இங்கிலீஷ்ல Kyzyl-னு எழுதினா அதுல அவங்க கணக்குப்படி ஒரு உயிரெழுத்து கூட இல்ல, இப்படிப்பட்ட ஊருக்குப் போயே ஆகணும்னு முடிவு பண்ணிட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல பர்மிஷனுக்கு அலைஞ்சாங்க. 1988 பிப்ரவரியில அவர் இறந்து போனாரு, அனுமதி லெட்டர் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. எனக்கு இத நெனச்சா சோகமா இருக்காது, பொறாமையா இருக்கும். ஐம்பது வருஷமா ஒரு முக்கோண ஸ்டாம்ப் ஒருத்தர இழுத்துக்கிட்டே இருந்திருக்கே.

சேக்கறதுக்கும் குவிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, வீட்டுல பலருக்கு அது புரியறதில்ல. எதையும் தூக்கிப் போட முடியாம வீடு பூரா அடைச்சு வெக்கறத 2013-லேர்ந்து அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய்ப் பட்டியல்ல தனி நோயாவே சேத்திருக்காங்க. ஸ்டாம்ப் சேக்குறவ அதுக்கு நேர் எதிர், நாள் பூரா வேணாம் வேணாம்னு ஒதுக்கறதுதான் அவ வேலை. பல்லு ஒடைஞ்சது வேணாம், மெலிஞ்சது வேணாம், டூப்ளிகேட் வேணாம். பல்லுன்னா ஓரத்து ஓட்டைங்களுக்கு நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கறது. ரெண்டு சென்டிமீட்டர்ல எத்தனைன்னு எண்ணுவோம், ஒரே படம் ஒரே விலை ஆனா ஒண்ணுல பதிமூணு, ஒண்ணுல பதினாலுன்னா அது ரெண்டு வேற ஸ்டாம்ப். இப்படி ஒதுக்கி ஒதுக்கிப் பழகின புத்தி மனுஷங்ககிட்டயும் அதத்தான் செய்யுது. ஒருத்தர் எனக்குப் பத்து நல்லது செஞ்சிருப்பாரு, செய்யாத பதினொண்ணாவதுதான் எனக்கு கண்ணுல நிக்கும். இத என்கிட்ட முதல்ல சொன்னது அந்த மீட்டிங் பையன் இல்ல, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர், இப்ப என்கூட பேசறதில்ல.

அது கூட பரவால்ல, தெரிஞ்ச குறை. தெரியாம இருந்த குறை ஒண்ணு இருக்கு. கட்டம் போட்ட ஆல்பம் எதெல்லாம் விட்டுப்போச்சுன்னு காட்டும், ஆனா எதுக்குக் கட்டமே இல்லையோ அத பாக்க விடாது.

1873-ல பிரிட்டிஷ் கயானாவுல பன்னெண்டு வயசுப் பையன், வெர்னான் வான். மாமாவோ சித்தப்பாவோ, அவரோட பழைய லெட்டர்களுக்கு நடுவுல ஒரு ஸ்டாம்ப் கெடைக்குது, 1856-ல உள்ளூர்ல அவசரத்துக்கு அச்சடிச்ச ஒரு சென்ட் ஸ்டாம்ப், கருஞ்சிவப்பு, நாலு மூலையும் வெட்டி, மூஞ்சி மேல மை அப்பி பாக்கவே சகிக்காது. அவன்கிட்ட இருந்த கேடலாக்ல, அதான் வெளியான ஸ்டாம்ப எல்லாம் பட்டியல் போட்ட புஸ்தகத்துல, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. அத ஆறு ஷில்லிங்குக்கு வித்துட்டு வேற நல்ல ஸ்டாம்ப் வாங்கப் போயிட்டான். உலகத்துலயே அதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. 2014 ஏலத்துல 94 லட்சம் டாலருக்கு மேல போச்சு. படிக்கறவங்க எல்லாம் பையன் ஏமாந்துட்டான்னு சிரிப்பாங்க. நான் சிரிக்க மாட்டேன், ஏன்னா நான் செஞ்சது அதவிட மோசம்.

பெரியப்பா இறந்து பதினோரு வருஷம் ஆச்சு. அவர் எந்தெந்த வருஷம் எங்கெங்க போனாருன்னு இப்ப யாருக்கும் சரியா தெரியல. அவர் லெட்டர் எல்லாத்துலயும் துறைமுகத்தோட முத்திரை இருந்துச்சு, ஊர் பேரும் தேதியுமா முழு வட்டம், அத நான் வெட்டி ஊற வெச்சு கால்வட்டமா ஆக்கி ஆல்பத்துல ஒட்டி வெச்சிருக்கேன். ஒண்ணுல மாசம் இருக்கும் வருஷம் இருக்காது, ஒண்ணுல ஊர் பேரோட கடைசி ரெண்டு எழுத்து. இப்ப விவரம் தெரிஞ்சவங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஸ்டாம்ப கவரோட வெச்சுக்கணும், கவர்தான் சரித்திரம்னு. ஸ்டாம்ப் வெளியான வருஷத்த கேடலாக்ல பாத்து, அப்ப இதுக்கு அப்புறம்தான் அங்க போயிருக்கணும்னு ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். பாதிக்கு மேல காலிக் கட்டம்.

இந்த வருஷம் அக்கா வீடு மாத்தினா. அக்கான்னா பெரியப்பா பொண்ணு. சாமான் ஒதுக்கும்போது ஒரு லெட்டர் கெடைச்சுதுன்னு எடுத்துக்கிட்டு வந்தா, அவளுக்கு ஆறு வயசுல அவர் அவளுக்குன்னு தனியா எழுதினது. ஏரோகிராம். தனி கவர் கெடையாது, எழுதின தாளையே மடிச்சு ஒட்டி அது மேல ஸ்டாம்ப் ஒட்டுற வகை. அக்கா ஒண்ணும் சொல்லாம விரிச்சு என் கையில குடுத்தா. நடுவுல செவ்வகமா ஒரு ஓட்டை.

"இது நான்தானா?"ன்னேன்.

"பின்ன வேற யாருடி இந்த வீட்டுல கத்திரிக்கோலோட சுத்துனது?"

அவரோட சாய்வான கையெழுத்து. கப்பல், மழை, நல்லா படிக்கணும், எல்லாம் இருக்கு. கடைசியில, "நான் இந்தத் தடவ வந்ததும் உன்ன"ன்னு ஒரு வரி ஓட்டையில போய் முடியுது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் "கண்டிப்பா. அம்மாகிட்ட சொல்லிடாத."ன்னு இருக்கு.

"என்னக்கா அது, எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்னாரா?"

"தெரியலடி. எத்தனையோ எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. அதுல எது இதுன்னு யாருக்குத் தெரியும்."

அன்னிக்கு ராத்திரி ஆல்பத்த எடுத்து உக்காந்தேன். ஓட்டைய சுத்தி தாள்ல முத்திரையோட மிச்ச வட்டம் இருந்துச்சு, அந்த வளைவ வெச்சு ஒவ்வொரு கால்வட்டமா பொருத்திப் பாத்து, ஒன்றரை மணி நேரத்துல அந்த ஸ்டாம்ப கண்டுபுடிச்சிட்டேன். ஹிஞ்ச்ச, அதான் ஸ்டாம்ப ஆல்பத்துல ஒட்டி வெக்கற சின்ன பேப்பர் துண்ட, பிரிச்சு எடுத்து ஸ்டாம்ப ஓட்டைக்குள்ள வெச்சேன். நடுவுல எடைவெளி இருந்தாலும் வட்டம் பொருந்துச்சு, ஊர் பேரு தெரிஞ்சுது, நாள் மாசம் வருஷம் எல்லாம் தெரிஞ்சுது. ஆனா ஸ்டாம்புக்கும் தாளுக்கும் நடுவுல சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு எதுவும் இல்ல, அதான் ஸ்டாம்ப் கெடாம இருக்கணும்னு நான் விட்டு வெட்டின ஓரம். எழுத்து இருந்தது அந்தப் பேப்பர்ல. ஸ்டாம்ப திருப்பிப் பாத்தேன், வெள்ளையா இருந்துச்சு, சுத்தமா கழுவியிருக்கேன்.

ஸ்டாம்ப ஒரு சின்ன உறையில போட்டு, லெட்டரோட சேத்து அக்காகிட்டயே குடுத்துட்டேன். ஆல்பத்துல அந்தக் கட்டம் இப்ப காலி. கீழ பென்சில்ல, 'அக்காகிட்ட இருக்கு'ன்னு எழுதி வெச்சிருக்கேன்.